கொடிய வழக்கமும் புறத்தார் தீர்ப்பும்

ஒரு சமூகத்தின் வழக்கம் கொடியதாயின், அச்சமூகத்தைச் சாராதார் அதனைக் கொடியது என்று கூறலாமா? இவ்வினா புதியதன்று. ஆயினும், இந்துக் கல்லூரியொன்றின் விழா மலரில் இதனை எழுப்புதற்குத் தனிப் பொருத்தம் ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த பாதிரிமார் எமது சமயத்தையும் வழக்கங்களையும் பழித்துத் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டனர். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள் அவற்றுக்கு மறுப்பெழுதியதோடு அமையாது, 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். 1888 ஆம் ஆண்டில் சைவபரிபாலன சபை தோன்றியது. அவ்வூக்கத்தின் வழியே இந்துக் கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. ஆகவே புறத்தார் தீர்ப்பு என்பது எமக்கு வெறும் ஏட்டுப் பொருளன்று. எமது கல்லூரிகளின் பிறப்போடு பிணைந்த பொருளாகும்.

இவ்வினாவுக்கு விடை கூறுவோர் இருசாராராவர். ஒருசாரார், "தத்தம் வழக்கத்தின் பொருள் தத்தமக்கே விளங்கும், புறத்தே நின்று நோக்குவான் தோலைக் கண்டு சுளையைப் பழிப்பான்" என்பர். மற்றைச் சாரார், "அறம் எங்கும் ஒன்றே, துன்பம் எங்கும் துன்பமே, அதனைக் கண்டவன் சொல்லுதற்கு ஊரும் உறவும் கேட்டல் வேண்டா" என்பர். முதற் சாராரின் கூற்றிலே தன்மானம் உண்டு. இரண்டாஞ் சாராரின் கூற்றிலே இரக்கம் உண்டு. இரண்டும் நற்குணங்களே. எனினும், தன்மானம் பிறர் துன்பத்தை மறைக்கும் திரையாதலும் உண்டு. இரக்கம் பிறரை ஆளும் கோலாதலும் உண்டு. இவற்றுள் எது எப்பொழுது நிகழ்கின்றது என்பதை வரலாற்றிலே பார்த்தல் நலம்.

எமது சமயத்தின் பெயரால் நிகழ்ந்த ஒரு வழக்கத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். கணவன் இறந்தவழி மனைவியை அவனது சிதையிலே எரித்தலாகிய உடன்கட்டை வழக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்திலே மிக்கிருந்தது. கிழக்கிந்தியக் கம்பனியார் அதிலே கைவைக்க நெடுங்காலம் அஞ்சினர். வாணிகம் குலையும், படையிலுள்ள சிப்பாய்கள் கலங்குவர் என்பனவே அவர்தம் அச்சங்கள். 1813 ஆம் ஆண்டில் அவர்கள் செய்த ஏற்பாடு வியப்புக்குரியது. நீதிமன்றப் பண்டிதர்களின் கருத்தைக் கேட்டு, சாத்திரத்துக்கு இசைந்த உடன்கட்டை, இசையாத உடன்கட்டை என இருவகை வகுத்தனர். கைம்பெண் பதினாறு வயது நிரம்பாதவளாயினும், கருவுற்றவளாயினும், மருந்தூட்டி மயக்கப்பட்டவளாயினும் தடுக்கலாம். ஏனையோரைத் தடுத்தல் ஆகாது. பொலிசார் சிதையருகே நின்று விதி வழுவாமையைப் பார்த்துக் கணக்கெழுதினர். 1815 முதல் 1828 வரையுள்ள பதினான்கு ஆண்டுகளில் வங்காள மாகாணத்தில் அவ்வாறு எழுதப்பட்ட தொகை 8,134. 1818 ஆம் ஆண்டில் மாத்திரம் 839.

"பிறர் வழக்கத்துக்கு நாம் நீதிபதிகளல்லேம்" என்று ஒதுங்கிய ஆட்சி எதிலே சென்று முடிந்தது என்பதை இங்கே காண்கின்றோம். சட்டத்தின் காவலன் பக்கத்தில் நிற்க எரியும் சிதையைப் பார்த்தவர்கள், அரசாங்கம் இதற்கு உத்தரவு தந்துள்ளது என்றே எண்ணினர். தீர்ப்புக் கூறாமையும் ஒரு தீர்ப்பே. வலியவன் கையோங்கி நிற்கும் இடத்தில் நடுநிலை பேசுவோன், தான் அறியாமலே வலியவன் பக்கம் சேர்ந்துவிடுகின்றான்.

இன்னொன்றும் கருதத்தக்கது. கம்பனியார் உள்ளார் கருத்தைக் கேளாமற் போனாரல்லர், கேட்டனர். ஆயின் யாரைக் கேட்டனர்? பண்டிதர்களைக் கேட்டனர். எரிபவளைக் கேட்டாரில்லை. ஒரு வழக்கத்தின் பொருளை உள்ளாரே அறிவர் என்று நாம் சொல்லும்பொழுது, உள்ளார் என்ற சொல்லுக்குள் ஏடு வைத்திருப்போனும் இருக்கின்றான், தீயினுள் நிற்போளும் இருக்கின்றாள். இருவரையும் ஒரு குரலாக எண்ணுவது பெரும் பிழையாகும்.

ஏடு அறிந்தாருள்ளும் ஒருமைப்பாடு இருந்ததில்லை. இராஜா ராம்மோகன் ராய் 1818 ஆம் ஆண்டில் உடன்கட்டைக்கு எதிராக வங்காள மொழியிலே நூலொன்று வெளியிட்டார். அவர் பாதிரிமாரின் நூல்களைச் சான்று காட்டினாரல்லர். மனுவைக் காட்டினார், கைம்பெண் நோன்பிருந்து வாழ்தலே அங்கு விதிக்கப்பட்டதென்றார். சுவர்க்கத்தை விரும்பிச் செய்யும் கன்மம் பயன் கருதாத கன்மத்துக்குத் தாழ்ந்தது என்னும் கீதையின் நெறியைக் காட்டினார். அவருக்கு எதிராக நின்ற இராதாகாந்த தேவரும் கல்வி வளர்ச்சிக்கு உழைத்த பெருமகனாரே. இருவரும் இந்துக்கள், இருவரும் வங்காளிகள், இருவரும் தம் மரபை நேசித்தவர்கள். "இஃது எங்கள் வழக்கம்" என்று ஒரு சமூகம் சொல்லும்பொழுது, அச்சமூகத்தினுள்ளே "இஃது எங்கள் அறமன்று" என்று சொல்வோரும் பெரும்பாலும் இருப்பர்.

மகாதேசாதிபதி பெந்திங்குப் பிரபு தடைச் சட்டம் இயற்ற எண்ணியபொழுது ராம்மோகன் ராயின் கருத்தைக் கேட்டார். ராய் சட்டத்தை உடனே கொண்டுவருதல் வேண்டாம் என்றார். இடையூறுகளை மெல்ல மெல்லப் பெருக்கி, ஆரவாரமின்றி வழக்கத்தை ஒடுக்கலாம் என்றார். வேற்றரசு தங்கள் சமயத்திலே கைவைக்கின்றது என்று மக்கள் ஐயுறுவர் என்பது அவர் கவலை. பெந்திங்கு அவ்வுரையை மதித்தார், ஆனால் ஏற்றுக்கொண்டாரல்லர். 1829 டிசெம்பர் 4 ஆம் நாள் சட்டம் பிறந்தது. அடுத்த மாதமே கல்கத்தாவில் தர்மசபை கூடி எதிர்ப்பு மனு எழுதிற்று. வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று, 1832 ஆம் ஆண்டில் தள்ளுபடியாயிற்று. சட்டம் வந்தபின் ராய் அதன் பக்கமே நின்றார். இங்கிலாந்து சென்று அதற்காக வாதாடினார்.

இங்கே யார் செய்தது சரி? ராம்மோகன் ராயிடத்தில் எமக்குள்ள மதிப்புப் பெரிது. எனினும், இவ்வொரு பொருளில் நாம் அந்நிய மகாதேசாதிபதியின் பக்கமே நிற்போம். மேற்காட்டிய தொகையைப் பதினான்கு ஆண்டுகளுக்கும் பகிர்ந்தால் ஆண்டொன்றுக்கு 581 பெண்கள். மாதமொன்றுக்கு 48 பேர். மெல்லச் செல்லலாம் என்று சொல்வது எளிது. அம்மெதுமைக்கு விலை கொடுப்போர் அந்த நாற்பத்தெண்மரே. உயிர்போகும் இடத்தில் அறிவுரையின் பயன் விளையும்வரை காத்திருத்தல் அறமாகாது. அதேவேளையில், ராயின் நூல் இல்லாதிருப்பின் பெந்திங்கின் சட்டம் வேற்றவன் கட்டளையாக மாத்திரமே நின்றிருக்கும். கொலையைச் சட்டம் நிறுத்தியது. அதனைக் கொலை என்று மக்கள் உணர்ந்தது உள்ளிருந்து எழுந்த குரலால்.

"ஆங்கிலேயனுக்கு எம்மைத் திருத்த என்ன தகுதி?" என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமானதே. பெருந்துரோகக் குற்றத்துக்குப் பெண்களைக் கம்பத்திலே கட்டி எரிக்கலாம் என்னும் சட்டம் இங்கிலாந்தில் 1790 ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. பெந்திங்கின் சட்டத்துக்கு நாற்பது ஆண்டுகளின் முன்னர் என்க. தம் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை அவர்கள் இயற்றியது 1833 ஆம் ஆண்டில். இலங்கையில் அது முற்றாக நீங்கியது 1844 ஆம் ஆண்டில். ஆகவே நீதிபதியின் கை தூயதன்று. ஆனால் அதனாலே தீர்ப்புப் பொய்யாகுமா? "வீடு எரிகின்றது" என்று நள்ளிரவில் கூவுகின்றவன் ஒரு கள்வன் என்பதற்காக, நாம் கிணற்றிலே வாளியை விடாதிருப்போமா? முதலில் தீயை அவிப்போம். கள்வனின் கணக்கைப் பின்னர்ப் பார்ப்போம். சொன்னவர் யார் என்பதை விடுத்துச் சொல்லின் மெய்ம்மையை ஆராய்வதே அறிவு என்பது வள்ளுவர் எமக்குக் காட்டிய நெறியன்றோ?

கள்வனின் கணக்கைப் பார்த்தலும் வேண்டும் என்பதை மறக்கலாகாது. புறத்தார் தீர்ப்பு ஆட்சிக்கு ஆயுதமாகப் பயன்பட்டமை உண்மை. 1927 ஆம் ஆண்டில் காதரின் மேயோ என்னும் அமெரிக்க மாது 'மதர் இந்தியா' என்னும் நூலை வெளியிட்டார். குழந்தை மணம் முதலிய கேடுகளைத் தொகுத்துக் காட்டி, இத்தகையோர் தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றோர் என்ற எண்ணத்தை உலகுக்கு ஊட்டினார். காந்தியடிகள் அந்நூலைச் சாக்கடைப் பரிசோதகரின் அறிக்கை என்று கடிந்தார். ஆனால் அதே கட்டுரையிலே, இந்தியர் அந்நூலைப் படித்துப் பயன்கொள்ளலாம் என்றும் கருத்துத் தெரிவித்தார். இதுவே பெரியோர் மனப்பான்மை. பழித்தவரின் நோக்கத்தை மறுத்தார். பழிக்கப்பட்ட குறையை மறுத்தாரில்லை. இரண்டாண்டுகளுள், 1929 ஆம் ஆண்டில், ஹர் பிலாஸ் சாரதா என்னும் இந்தியர் கொணர்ந்த குழந்தை மணத் தடைச் சட்டம் நிறைவேறியது. அந்நூலுக்குத் தக்க மறுமொழி அதுவே.

இனி, புறத்தார் தீர்ப்புத் தீமையாக முடிந்த ஓரிடத்தையும் காண்போம். அதே 1929 ஆம் ஆண்டில், ஆபிரிக்காவின் கென்யா நாட்டிலே, ஸ்கொத்லாந்துத் திருச்சபையின் மிசனரிமார் கிக்கூயு மக்களிடையே ஒரு போராட்டத்தைத் தொடங்கினர். சிறுமியரின் பிறப்புறுப்பை வெட்டும் சடங்கு அம்மக்களிடையே இருந்தது. அதனால் பின்னர்ப் பிரசவத்தின்போது பெண்கள் படும் பாட்டை மிசன் வைத்தியர்கள் கண்ணாரக் கண்டவர்கள். அவர்கள் கூறிய குறை மெய்யானதே. ஆனால் அவர்கள் கையாண்ட வழி யாது? அச்சடங்கைக் கைவிட்டேம் என்று உறுதிமொழி கேட்டனர்; தராதவர்களைத் திருச்சபையிலும் பாடசாலையிலும் இருந்து விலக்கினர். அம்மக்களின் வளமான மலைநிலங்களை வெள்ளைக் குடியேறிகள் கைக்கொண்டிருந்த காலம் அது. நிலத்தைப் பறித்தவனும் சடங்கைப் பழிப்பவனும் ஒரே நிறத்தவன். அதனாலே, நேற்றுவரை ஒரு சடங்காக இருந்தது இன்று விடுதலையின் கொடியாயிற்று. பெருந்தொகையினர் திருச்சபையை விட்டு வெளியேறினர். ஜோமோ கென்யாட்டா 1938 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே அச்சடங்குக்காக வாதாடினார். 1956 ஆம் ஆண்டில் மேரு வட்டாரத்தில் ஆங்கில அதிகாரிகளின் ஆதரவோடு மூப்பர் அவை தடை விதித்தபொழுது, சிறுமியர் சவர அலகினாலே தம்மைத் தாமே வெட்டிக்கொண்டனர். அடுத்துவந்த மூன்றாண்டுகளில் 2,000 பேருக்கு மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஒரு நல்ல தீர்ப்பு, தகாத ஆசனத்திலிருந்து கூறப்பட்டமையால், காக்கவேண்டிய பிள்ளைகளையே வெட்டிய கதை இது. கென்யாவின் சொந்தப் பாராளுமன்றம் இதற்கு முழுத் தடைச் சட்டம் இயற்றியது 2011 ஆம் ஆண்டிலே.

இக்கதையில் எமது பழைய மாணவர்கள் கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. திருச்சபையை விட்டு வெளியேறிய கிக்கூயு மக்கள் தம் பிள்ளைகளுக்குத் தாமே பாடசாலைகளை அமைத்துக்கொண்டனர். யாழ்ப்பாணத்துச் சைவர்கள் செய்ததும் அதுவே. ஆகையால் அவர்தம் சினம் எமக்கு நன்கு விளங்கும். ஆனால் அப்பாடசாலைகள் எழுந்த ஆவேசத்திலே, வெட்டுண்ட சிறுமியின் வலி பேசப்படாமற் போயிற்று என்பதையும் நாம் விளங்கிக்கொள்ளல் வேண்டும். புறத்தாரின் பழிச்சொல்லால் விளையும் மிகப் பெரிய தீங்கு எமது மானம் புண்படுதலன்று. எமது குறையை நாமே பேசுதற்கு எமக்கு நாணம் உண்டாதலாகும். குறையைச் சொல்பவன் பகைவனுக்குத் துணைபோகின்றான் என்ற எண்ணம் பரவிவிட்டால், உள்ளே துன்புறுவோன் வாய் திறத்தற்கு வழியில்லை.

அவ்வாறாயின் நல்வழி யாது? சீன நாட்டிலே அதனைக் காணலாம். ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமியரின் பாதங்களைத் துணியால் இறுகக் கட்டி, விரலெலும்புகளை முறித்து மடக்கி, மூன்று அங்குலப் பாதமே அழகென்று கொண்டாடும் வழக்கம் அங்கே பல நூற்றாண்டுகளாக நிலவியது. பதினேழாம் நூற்றாண்டில், புறத்திலிருந்து வந்து சீனத்தை ஆண்ட மஞ்சு அரசர் அதற்குத் தடை விதித்தனர்; சில ஆண்டுகளில் தடையைத் தாமே கைவிட்டனர். கட்டளை தோற்றது. ஏன் தோற்றது என்பது நுணுகி நோக்கத்தக்கது. எந்தத் தாயும் மகளை வருத்தும் விருப்பினாலே அவள் பாதத்தைக் கட்டினாளல்லள். கட்டாத பாதத்தோடு வளர்ந்த பெண்ணுக்கு நல்ல இடத்தில் மணம் வாய்க்காது என்ற அச்சத்தினாலேயே கட்டினாள். ஒரு தாய் தனியாகத் திருந்தினால், அவள் மகளே நட்டமடைவாள்.

1870களில் சியாமென் நகரிலிருந்த மிசனரி மக்கோவன் ஒரு சங்கம் அமைத்தார். 1895 ஆம் ஆண்டில் ஆங்கில மாது லிட்டில் அம்மையார் ஷங்ஹாயிலே இயற்கைப் பாதச் சங்கத்தை நிறுவினார். காங் யூவெய் முதலிய சீன அறிஞர்கள் தாமே சங்கங்கள் கூட்டினர். இச்சங்கங்களின் உறுதிமொழியிலேதான் நுட்பம் இருந்தது. "எம் மகளின் பாதத்தைக் கட்டோம்" என்பதோடு நில்லாது, "பாதம் கட்டிய பெண்ணை எம் மகனுக்குக் கொள்ளோம்" என்றும் அங்கத்தவர் உறுதி கூறினர். பலர் கூடி ஒருமிக்கச் சொன்னவுடன் கட்டாத பெண்ணுக்கும் மணமகன் கிடைத்தான். 1902 ஆம் ஆண்டில் பேரரசியின் ஆணையும் 1912 ஆம் ஆண்டில் புதிய குடியரசின் தடையும் பின்தொடர்ந்தன. வட சீனத்தில் டிங் சியன் வட்டாரத்தில் எடுக்கப்பட்ட கணக்கொன்றின்படி, 1890 ஆம் ஆண்டுக்கு முன் பிறந்த பெண்கள் ஏறத்தாழ அனைவரும் பாதம் கட்டப்பட்டவர்கள். 1919 ஆம் ஆண்டுக்குப் பின் பிறந்த சிறுமியருள் அவ்வாறு கட்டப்பட்டவர் எவருமிலர். பல நூற்றாண்டு வழக்கம் ஒரு தலைமுறையிலே மறைந்தது.

இதே நெறி எம் காலத்திலும் பயன்பட்டுள்ளது. மேற்கு ஆபிரிக்காவின் செனெகால் நாட்டிலே, அமெரிக்க மாது ஒருவர் நிறுவிய தொஸ்தான் என்னும் நிறுவனம், கிராமத்துப் பெண்களுக்கு அவர்தம் தாய்மொழியிலே சுகாதாரமும் உரிமையும் கற்பித்தது. சடங்கைப் பழித்து ஒரு சொல்லும் ஆணையிடவில்லை. மலிகுண்டா பம்பாரா என்னும் ஊர்ப் பெண்கள், சிறுமியரை வெட்டும் சடங்கைக் கைவிடுவதாக 1997 ஜூலை 31 ஆம் நாள் தாமே அறிவித்தனர். தெம்பா தியவாரா என்னும் முதிய இமாம் ஒருவர், பெண் கொடுத்துப் பெண் கொள்ளும் ஊர்கள் எல்லாம் ஒருங்கே முடிவு செய்தாலன்றி இது நிலையாது என்று கூறி, ஊரூராக நடந்து சென்று பேசினார். பின்னரே, 1999 ஆம் ஆண்டில், நாட்டுச் சட்டம் வந்தது. இங்கே புறத்தார் ஒருவர் இருந்தார். ஆனால் அவர் நீதியாசனத்தில் இருந்தாரல்லர், பாயிலே உடனிருந்தார்.

இவற்றிலிருந்து நாம் துணியும் முடிபு இது. தீர்ப்புக் கூறும் உரிமை எவருக்கும் உண்டு; மனிதர் துன்பத்துக்கு எல்லைக் கல் நாட்டுதல் இயலாது. ஆனால் அத்தீர்ப்புக் கேட்கப்படுவதற்குத் தகுதி வேண்டும். துன்புறுவோரின் குரலைக் கேட்டறிந்து பேசுதல் ஒன்று. அதே அளவுகோலைத் தன் வீட்டிலும் வைத்தல் இரண்டு. பழித்தலால் தனக்கு நிலமோ ஆட்சியோ ஆளோ தேடாமை மூன்று. இம்மூன்றும் இல்லாதவன் சொல்லும் மெய்யும் விழலுக்கு இறைத்த நீராகும். பலவந்தமாகத் தடுத்தலோ இதனினும் அரிய உரிமை. மறுத்துப் பேச இயலாத ஒருவரின் உயிருக்கும் உறுப்புக்கும் கேடு வரும் இடத்தில் சட்டம் தயங்குதல் ஆகாது. எனினும் மேருவிலே நிகழ்ந்ததுபோல், அச்சட்டம் அந்நியன் பிரம்பாகத் தோன்றின் பயன் தலைகீழாகும். ஆதலால் உள்ளிருந்து எழும் குரலைத் துணையாகக் கொண்டே அது செல்லல் வேண்டும்.

புறத்தார் என்னும் சொல்லையும் சற்று ஆராய்தல் வேண்டும். 1987 ஆம் ஆண்டு செப்ரெம்பரில், ராஜஸ்தானத்துத் தேவராலா என்னும் ஊரில், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி கணவனின் சிதையிலே எரிந்தாள். ஆங்கிலேயன் சென்று நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதனைக் கண்டித்தெழுந்தோர் இந்தியப் பெண்களே. ஆயினும் சிதைக்காக வாதாடியோர், அப்பெண்களை மேனாட்டு மோகம் கொண்டவர்கள், கிராமத்து மரபறியாத நகரத்தார் என்று பழித்தனர். புறத்தார் என்பது பிறந்த இடத்தைக் குறிக்கும் சொல்லாக அங்கே நின்றதில்லை; எவர் மறுத்துப் பேசுகின்றாரோ அவரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது.

எமது ஊரிலும் அச்சொல் அவ்வாறே பயன்பட்டது. பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமரல் வேண்டும் என்று 1929 ஆம் ஆண்டில் அரசாங்கம் பணித்தபொழுது, அஃது அந்நியரின் தலையீடு என்று எதிர்த்தோர் பலர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. 1957 ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1968 ஆம் ஆண்டில் மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உட்சென்று வழிபடும் உரிமை கேட்டு நின்றோர் தடுக்கப்பட்டனர். இதுவும் இடதுசாரிகளின் தூண்டுதலென்று கூறப்பட்டது. வாயிலிலே நின்றோர் எந்நாட்டவர்? முருகனை எம்மொழியிலேயே கூவி அழைத்தவர்கள். எமது வயலிலே உழைத்தவர்கள். புறத்தே நிறுத்தப்பட்டமையால் மாத்திரமே அவர்கள் புறத்தாராயினர். ஒரு வழக்கத்தின் கொடுமையை அதன் கீழ் நசுங்கியவனைவிட அறிந்தவர் யார்? உள்ளாருள் உள்ளானவன் அவனே.

நாவலர் பெருமான் பாதிரிமாரை எதிர்த்த அதே எழுதுகோலால், கோயில்களிலே உயிர்ப்பலியிடும் வழக்கத்தையும் கண்டித்தார் என்பதை நாம் பெருமையோடு நினைத்தல் வேண்டும். சாதி என்னும் பொருளில் அவர் பழைய வரம்பினுள்ளேயே நின்றார் என்பதையும் மறைத்தல் தகாது. பெரியோரைப் போற்றுதல் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுதலன்று. அவர்கள் தொடங்கியதை அடுத்த படிக்குக் கொண்டுசெல்லுதலாகும்.

இத்துணையும் கூறியபின், அளவுகோலை எமது வீட்டிலும் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். சிதையோடும் முறிந்த பாதத்தோடும் ஒப்பிடத்தக்க கொடுமை எதுவும் எம்மிடம் இல்லை என்று மகிழ்வோர் இருக்கலாம். ஆனால் பாதம் கட்டிய வழக்கத்தைத் தாங்கி நின்ற தூண் எதுவோ, அதே தூணின்மேல் நிற்கும் வழக்கம் ஒன்று எம்மிடையே உண்டு. அது சீதனம். பெண்ணைப் பெற்றோர் வளவை ஈடுவைக்கின்றனர், தமையன்மார் கடல் கடந்து ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர், பெண் முதிர்கின்றாள். எவரைக் கேட்டாலும், "எமக்கு விருப்பமில்லை, ஆனால் கொடாமல் மணம் வாய்க்காது" என்பர். சீனத்துத் தாய் சொன்னதும் இதுவே.

இதிலே எமது கல்லூரிகளுக்குப் பங்கில்லை என்று கூறமுடியுமா? வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர் என்று நாம் பெருமையோடு உலகுக்கு அனுப்பும் மாணவர்களின் பட்டமே சந்தையிலே அவர்கள் விலையாகின்றது. இக்கல்லூரியில் ஒரு பையன் நன்றாகப் படித்தால், எங்கோ ஒரு வீட்டிலே ஒரு பெண்ணின் தகப்பனுக்குச் சுமை ஏறுகின்றது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எம் பழைய மாணவர்கள் இதனைக் கண்டித்தால், "ஊரை விட்டுப் போனவர்களுக்கு ஊர் வழக்கத்திலே என்ன பேச்சு?" என்று கேட்கின்றோம். அவர்களுள்ளே தம் மகனுக்கு மாத்திரம் சீதனம் பேசுவோரும் உளராகையால், அக்கேள்வி சிலவேளைகளிலே வாயடைத்தும் விடுகின்றது. முன்னர்க் கூறிய தகுதிகளுள் இரண்டாவது எத்துணை இன்றியமையாதது என்பது இதனாற் புலனாகும்.

ஆகவே ஒரு கருத்தை முன்வைத்து அமைகின்றோம். விழாக்காலத்திலே கட்டடம் எழுப்புதலும் பரிசு நிதி தொகுத்தலும் நன்றே. அவற்றோடு, பழைய மாணவர் சங்கத்தின் பொதுக்கூட்டத்திலே ஓர் ஏடு வைக்கப்படுவதாக. "எம் மகளுக்குச் சீதனம் கொடோம், எம் மகனுக்குச் சீதனம் கொள்ளோம்" என்னும் இரண்டு வரிகளின் கீழ், விரும்புவோர் தம் பெயரை எழுதுவாராக. முதல் வரியைத் தனியே எழுதுவோனின் மகள் நட்டமடைவாள். இரண்டு வரிகளையும் பலர் கூடி எழுதினால் எவர் மகளும் நட்டமடையாள். பிள்ளைகளுக்கு மணம் பேசும் வயதிலுள்ள அங்கத்தவர்கள் முதலிற் கையெழுத்திடுவாராயின், மேல் வகுப்பு மாணவர்கள் பின்தொடர்வர் என்பது எமது நம்பிக்கை. நூறு பெயர்கள் சேர்ந்த பின்னர், பிறர் வழக்கத்தைப் பற்றி நாம் கூறும் தீர்ப்பையும், எம் வழக்கத்தைப் பற்றிப் பிறர் கூறும் தீர்ப்பையும், அச்சமும் நாணமுமின்றி நேர்நின்று கேட்கலாம்.